'ஆவன செய்யப்படும்!' - யார் செய்வார்கள்? விருதுநகர், சிவகாசி மேடைகள் கற்றுத்தரும் பேச்சு இலக்கணம்

"ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்!"

1967 பிப்ரவரி சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க ஒலித்த தி.மு.க-வின் முழக்கம் இது. அரிசிக்காக மக்கள் வரிசையில் நின்ற காலம். தேர்தல் முடிவு வந்தபோது, நாடே திரும்பிப் பார்த்தது விருதுநகரைத்தான். ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்த காமராஜர், அகில இந்திய காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர், தான் பிறந்த ஊரிலேயே தோற்றுப்போனார். வென்றவர் மாணவர் தலைவரான பெ.சீனிவாசன். வாக்கு வித்தியாசம் 1,285.

ஒரே ஒரு முழக்கம் காமராஜரைத் தோற்கடித்துவிட்டது என்று சொன்னால் அது சினிமா கதை. அரிசித் தட்டுப்பாடு, விலைவாசி, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம், எதிர்க்கட்சிகள் அமைத்த வலுவான கூட்டணி என்று பல காரணங்கள் இருந்தன. ஆனால், அந்தக் கோபத்தையெல்லாம் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு எளிதாகத் தாவும் அளவுக்குச் சுருக்கிக் கொடுத்தது அந்த ஒரு வரி.

இது பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் விருதுநகர் தொகுதியின் வெற்றி வித்தியாசம் வெறும் 4,379 வாக்குகள். பல லட்சம் பேர் வாக்களித்த தொகுதியில் இது ஒன்றிரண்டு கிராமங்களின் மனமாற்றம்தான். டீக்கடையில் கேட்ட ஒரு பேச்சு, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு நிமிட வீடியோ, இவையெல்லாம் கணக்கில் சேரும் தூரம் அது.

ஓட்டுப் போடப்போகும் நமக்கு ஒரு வேலை இருக்கிறது. மேடையில் பேசுபவர் எந்தக் கட்சி என்பதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, அவர் பயன்படுத்தும் வார்த்தைகளை மட்டும் எடுத்துப் பிரித்துப் பார்ப்பதுதான் அது. பட்டாசுக்குள் என்ன மருந்து இருக்கிறது என்று பார்ப்பதுபோல!

மூன்று படியும் ஒரு படியும்

முதலில் அந்த 1967 வரியையே எடுத்துக்கொள்வோம். அதில் வினைச்சொல்லே இல்லை. 'கொடுப்போம்' இல்லை, 'தருவோம்' இல்லை. யார், எப்போது என்பதும் இல்லை. 'லட்சியம்', 'நிச்சயம்' என்ற இரண்டு சொற்களின் கடைசி ஒலி ஒன்றுபோல முடிகிறது. இலக்கணத்தில் இதற்கு இயைபு என்று பெயர். அதனால் ஒருமுறை கேட்டாலே மனதில் ஒட்டிக்கொள்கிறது.

அடுத்து, அளவு. 'மலிவு விலையில் உணவு தானியம்' என்று சொல்லவில்லை. 'படி' என்று சொன்னார்கள். படி என்பது எல்லோர் வீட்டு அடுப்படியிலும் இருந்த பொருள். அதைக் கேட்டதும் கையில் அரிசியின் எடை தெரிந்தது.

மூன்றாவது விஷயம்தான் மிக நுட்பமானது. காதில் முதலில் விழுவது 'மூன்று'. உறுதியாகக் கொடுக்கப்படும் வாக்கு 'ஒன்று'. மூன்று என்பது லட்சியம்தான் என்று அந்த வரியே சொல்லிவிடுகிறது. ஆசையைப் பெரிதாகக் காட்டி, பொறுப்பைச் சிறிதாக வைத்துக்கொண்ட வாக்கியம் அது. ஆட்சிக்கு வந்தபின் ரூபாய்க்கு ஒரு படி திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. அதை மாநிலம் முழுக்க விரிக்க நிதி இடம் கொடுக்கவில்லை.

இதில் ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது. அந்த வாக்குறுதியில் எண் இருந்தது, அளவு இருந்தது, விலை இருந்தது. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும், 'சொன்னது என்ன, நடந்தது என்ன' என்று நம்மால் சரிபார்க்க முடிகிறது. சரிபார்க்க முடியாத வாக்குறுதிகளைப் பற்றிக் கொஞ்ச நேரத்தில் பார்க்கப்போகிறோம். அப்போது இந்த வித்தியாசம் புரியும்.

'ஆகட்டும் பார்க்கலாம்' ஏன் எடுபட்டது?

எதிர்ப்பக்கத்தில் நின்ற காமராஜரின் மொழி இதற்கு நேர்மாறானது. அடுக்குமொழி கிடையாது. சின்னச் சின்ன வாக்கியங்கள். 'ன்னேன்' என்று முடியும் தென்பகுதிப் பேச்சு வழக்கு. மனுக்களோடு வருபவர்களிடம் அவர் சொன்னதாக இன்றும் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இரண்டே சொற்கள்: "ஆகட்டும், பார்க்கலாம்."

இலக்கணப்படி பார்த்தால் இது வாக்குறுதியே இல்லை. 'பார்க்கலாம்' என்பதில் எந்த உறுதியும் கிடையாது. கடன் கேட்டுப் போகும்போது யாராவது 'பார்க்கலாம்' என்றால் நாம் வெறுங்கையோடு திரும்பி வந்துவிடுவோம். ஆனால், காமராஜர் சொன்னபோது மக்கள் அதை 'சரி' என்றே எடுத்துக்கொண்டார்கள். காரணம், வார்த்தைக்குப் பின்னால் ஊர்தோறும் பள்ளிக்கூடம் நின்றது, மதிய உணவு இருந்தது, அணைகள் இருந்தன. 1957, 1962 என இரண்டு தேர்தல்களில் பக்கத்துச் சாத்தூர் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது.

பேச்சுக்கலையை ஆராய்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், ஒருவரை நம்பவைக்க மூன்று வழிகள் உண்டு என்றார். பேசுபவரின் நம்பகத்தன்மை, கேட்பவரின் உணர்ச்சி, சொல்லும் செய்தியின் தர்க்கம். காமராஜரின் சொல் முதல் வழியில் நின்றது. 'மூன்று படி' இரண்டாவது வழியில் பாய்ந்தது. பசி இருக்கும் வீட்டில் எது முதலில் நுழையும் என்பதை 1967 காட்டியது.

நம் திருக்குறளும் இதைத் தொட்டிருக்கிறது. பொருட்பாலில் 65-வது அதிகாரம் சொல்வன்மை. அதற்கு அடுத்து வருபவை வினைத்தூய்மை, வினைத்திட்பம். சொல்லுக்குப் பக்கத்திலேயே செயலை உட்காரவைத்திருக்கிறார் வள்ளுவர். அந்த வரிசையே ஒரு பாடம்தான்.

மேடைத் தமிழுக்கு வயது என்ன?

அரசியல் மேடைப்பேச்சு சங்க காலத்திலிருந்தே வருகிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால், மதுரையில் தங்கி நம் மேடைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த அமெரிக்க மானுடவியல் அறிஞர் பெர்னார்ட் பேட் வேறு விதமாகச் சொன்னார். சாதாரண மக்கள் கூட்டத்தைப் பார்த்து, அரசியலை, தமிழில் பேசுவது என்ற வழக்கம் சுதேசி இயக்க காலத்தில்தான் வேகம் பிடித்தது என்பது அவர் கருத்து. அதற்கு அவர் எடுத்துக்காட்டும் முக்கியமான இடம் தூத்துக்குடி. 1908-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த நாள்களில் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் பேசிய பேச்சுகள், ஆங்கிலேய அரசை நடுங்கவைத்தன. அந்தப் பேச்சுகளுக்காகவே இருவர் மீதும் ராஜத்துரோக வழக்குப் பாய்ந்தது.

பிறகு வந்த திராவிட இயக்கப் பேச்சாளர்கள் செந்தமிழையே மேடை மொழியாக்கினார்கள். அது பழைமையின் மிச்சம் அல்ல, ஜனநாயக காலத்தில் புதிதாக உருவான அழகியல் என்று 2009-ல் வெளியான தன் நூலில் பேட் விளக்கினார். அதே 2009-ல் இந்தப் பகுதி இன்னொன்றையும் காட்டியது. 1998, 1999 தேர்தல்களில் சிவகாசி தொகுதியில் வென்றவர், தமிழ்நாட்டின் பெரும் பேச்சாளர்களில் ஒருவரான வைகோ. தொகுதி மறுசீரமைப்பில் விருதுநகராக மாறியபின் 2009-ல் போட்டியிட்ட அவர், 15 ஆயிரத்துக்கும் சற்று அதிகமான வாக்குகளில் தோற்றார். பேச்சை ரசிப்பது வேறு, ஓட்டுப் போடுவது வேறு என்பதை நம் மக்கள் பலமுறை காட்டியிருக்கிறார்கள். ரசிக்கும்போது மயங்காமல் இருப்பது எப்படி என்பதுதான் நம் கேள்வி.

முதல் வார்த்தையிலேயே உறவு

ஒரு தலைவர் மேடையேறியதும் முதலில் சொல்வது என்ன? நம்மை எப்படிக் கூப்பிடுவது என்பதைத்தான் முதலில் முடிவு செய்கிறார்.

அண்ணாவுக்கு நாம் 'தம்பி'. கலைஞருக்கு 'என் உயிரினும் மேலான அன்பு உடன்பிறப்பு'. எம்.ஜி.ஆருக்கு 'ரத்தத்தின் ரத்தம்'. 1977-ல் அவர் முதன்முதலில் முதலமைச்சரானபோது, நம் அருப்புக்கோட்டைத் தொகுதியின் எம்.எல்.ஏ என்பது பலருக்கு மறந்திருக்கும். ஜெயலலிதாவும் அதே ரத்த உறவைத் தொடர்ந்தார். இடதுசாரிகளுக்கு நாம் 'தோழர்'. சீமானுக்கு 'உறவுகள்'. விஜய்க்கு 'நெஞ்சில் குடியிருப்பவர்கள்'. பிரதமர் மோடிக்கு 'சகோதர சகோதரிகள்'.

வாக்காளர், குடிமக்கள் என்று நம்மைக் கூப்பிட்டால், கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு வந்துவிடும். தம்பி, உடன்பிறப்பு என்று கூப்பிட்டால்? வீட்டில் அண்ணனிடம் ரசீது கேட்பவர் யார்? உறவுமுறைச் சொல்லின் பலமே இதுதான். அன்பை உடனே உண்டாக்கும்; கேள்வியைக் கொஞ்சம் கூச்சப்படுத்தும். அழைப்பில் தவறில்லை. கூச்சத்தை விட்டுவிட்டு நாம் கேள்வியைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

'நாம்' என்றால் யார் யார்?

தமிழுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஆங்கிலத்தில் 'வீ', இந்தியில் 'ஹம்' என்று ஒரே சொல்தான். தமிழில் இரண்டு. 'நாங்கள்' என்றால் கேட்பவர் அதில் இல்லை. 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்த்தி. இலக்கணம் இதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்கிறது.

அரசியல் பேச்சில் இந்த இரண்டும் எங்கெங்கே வருகின்றன என்று கவனித்துப் பாருங்கள். சாதனைப் பட்டியல் வாசிக்கும்போது 'நாங்கள் கட்டினோம், நாங்கள் கொடுத்தோம்'. சுமை வரும்போது 'நாம் பொறுத்துக்கொள்ள வேண்டும், நாம் போராட வேண்டும்'. பெருமை அவர்களுக்கு, பாரம் எல்லோருக்கும். ஒரு பேச்சை முழுவதும் கேட்டு இந்த இரண்டு சொற்களை மட்டும் எண்ணினாலே பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

இனி சிவகாசிக்கு வருவோம். இங்கே எந்தக் கட்சி மேடையிலும் தவறாமல் வரும் ஒரு தொடர், 'நம் பட்டாசுத் தொழில்'. அந்த 'நம்'முக்குள் யாரெல்லாம் இருக்கிறார்கள்? ஆலை உரிமையாளர், உரிமத்தை வாங்கி உள்குத்தகைக்கு எடுத்தவர், போர்மேன், மருந்து கலப்பவர், வெடிக்குத் திரி வைக்கும் பெண், குடோன்காரர், லாரி டிரைவர், தீபாவளிக் கடை போடுபவர் என எல்லோரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

சில நேரம் அது உண்மையும்கூட. 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, வெடிக்கும் நேரத்துக்கும் வரம்பு போட்டபோது, ஆலைக்காரரும் தொழிலாளியும் ஒன்றாகவே பதறினார்கள். உற்பத்தி நின்றால் இருவர் வீட்டு அடுப்பும் பாதிக்கப்படும். அப்போது 'நாம்' பொருந்தியது.

ஆனால், ஒரு ஷெட்டில் எத்தனை பேர் உட்கார்ந்து வேலை பார்க்கலாம், ஒரு நாளைக்கு எவ்வளவு மருந்து வைத்துக்கொள்ளலாம், கூலி எவ்வளவு என்ற கேள்விகள் வரும்போது, உரிமையாளரும் உள்குத்தகைக்காரரும் ஒரு பக்கம். தொழிலாளி இன்னொரு பக்கம். அப்போதும் மேடை 'நம் தொழில்' என்றே பேசினால், யாருடைய கேள்வி அமுங்கிப்போகிறது என்று சொல்லத் தேவையில்லை. தொழிலைக் காப்பதும் தொழிலாளியைக் காப்பதும் பல இடங்களில் ஒன்றுதான். எல்லா இடத்திலும் ஒன்றல்ல. 'நம்' என்ற ஒரு சொல் அந்த இடைவெளியை மூடிவிடுகிறது.

எதுகை இருந்தால் உண்மையாகிவிடுமா?

'கடமை, கண்ணியம், கட்டுப்பாடு.' 'அமைதி, வளம், வளர்ச்சி.' இரண்டும் வெவ்வேறு கட்சிகளின் முழக்கங்கள். ஆனால், வடிவம் ஒன்றுதான்: மூன்று சொல், மோனை. பிரிட்டனில் மேடைப்பேச்சுகளையும் கைதட்டல்களையும் ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த மேக்ஸ் அட்கின்சன், 1984-ல் எழுதிய நூலில் இதைச் சொல்கிறார். மூன்று மூன்றாக அடுக்கும்போதும், இரண்டை எதிரெதிரே நிறுத்தும்போதும் கூட்டம் சொல்லிவைத்ததுபோலக் கைதட்டுகிறது. எங்கே முடியும் என்று கேட்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுவதுதான் காரணம்.

எதிரெதிரே நிறுத்துவதற்கு நமக்குத் தெரிந்த சிறந்த உதாரணம், 2014-ல் ஜெயலலிதா கேட்ட 'மோடியா, இந்த லேடியா?' அதில் திட்டம் எதுவும் இல்லை, புள்ளிவிவரம் எதுவும் இல்லை. இரண்டே சாய்ஸ். நடுவில் இருந்த மற்ற கட்சிகளெல்லாம் அந்த ஒரு கேள்வியிலேயே காணாமல்போயின. அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37-ஐ அ.தி.மு.க வென்றது.

ஒலிநயம் நம் மூளையை ஏமாற்றுவதையும் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் மேத்யூ மெக்ளோனும் அவருடைய சக ஆய்வாளரும் 2000-ல் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரே கருத்தைச் சொல்லும் இரண்டு வாக்கியங்கள். ஒன்றில் ஓசை பொருந்தும், மற்றதில் பொருந்தாது. ஓசை பொருந்திய வாக்கியத்தையே மக்கள் அதிக உண்மை என்று மதிப்பிட்டார்கள். அதற்கும் முன்பு, 1977-ல் வேறொரு குழு நடத்திய ஆய்வில், ஒரு தகவலைத் திரும்பத் திரும்பக் கேட்டாலே அது உண்மைபோலத் தோன்றத் தொடங்குகிறது என்று தெரியவந்தது. ஒரே ரீல்ஸ் குடும்ப குரூப், ஊர் குரூப், ஸ்கூல் குரூப் என்று நாலு இடத்திலிருந்து வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது இன்னொரு உத்தி. 'செய்வீர்களா? நீங்கள் செய்வீர்களா?' என்று ஜெயலலிதா கேட்டதும் கூட்டம் 'செய்வோம்' என்றது. வாயால் ஒருமுறை சொன்னவர் மனதாலும் பாதி ஒப்புக்கொண்டுவிடுகிறார். இதே உத்திக்கு நெகிழவைக்கும் வரலாறும் உண்டு. 1967 ஜூலை 18-ல், மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயர் சூட்டும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அண்ணா 'தமிழ்நாடு' என்று மூன்று முறை சொல்ல, அவையே 'வாழ்க' என்று முழங்கியது. அந்தப் பெயருக்காக 1956 ஜூலை 27-ல் உண்ணாவிரதம் தொடங்கி, அக்டோபர் 13-ல் உயிர்விட்ட சங்கரலிங்கனார் இதே விருதுநகர்க்காரர். உத்தி ஒன்றுதான். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

'செய்யப்படும்' என்ற மாயச்சொல்

இப்போது சரிபார்க்க முடியாத வாக்குறுதிகளுக்கு வருவோம். 'ஆவன செய்யப்படும்.' 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.' 'பாதுகாப்பு உறுதி செய்யப்படும்.' 'கோரிக்கை பரிசீலிக்கப்படும்.'

வீட்டில் யாராவது இப்படிப் பேசுகிறோமா? 'சோறு என்னால் சாப்பிடப்பட்டது' என்று சொன்னால் சிரிப்பார்கள். பேச்சுத் தமிழில் செயப்பாட்டு வினை அபூர்வம். ஆனால், மேடையும் அரசாணையும் அதை விடுவதில்லை. அதில் செய்பவரின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் சௌகரியம். காலத்தையும் சொல்ல வேண்டியதில்லை. 'எடுக்கப்படும்' என்பது நாளையும் இருக்கலாம்; பத்து வருடம் கழித்தும் இருக்கலாம்.

பட்டாசுப் பகுதியில் இந்த இலக்கணத்துக்கு உயிர் விலை உண்டு. 2012 செப்டம்பர் 5, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தச் சாம்பல் ஆறுவதற்குள், இரண்டே மாதத்தில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவிலும், அதற்குப் பிறகும் எத்தனையோ விபத்துகள்.

ஒவ்வொரு முறையும் வரும் வாக்கியத்தைக் கவனித்திருக்கிறீர்களா? 'மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக வெடிவிபத்து நிகழ்ந்தது.' இந்த வாக்கியத்தில் மனிதரே இல்லை. குற்றவாளி உராய்வு, நடந்தது விபத்து, அதுவாகவே நிகழ்ந்தது. அறிவியல்படி உராய்வு உண்மையாகவே இருக்கலாம். ஆனால், அந்த அறையில் அனுமதிக்கு மேல் ஆட்கள் இருந்தார்களா? அனுமதிக்கு மேல் மருந்து இருந்ததா? உரிமம் ஒருவர் பெயரிலும் வேலை வாங்குபவர் வேறொருவராகவும் இருந்தாரா? இந்தப் பகுதி விசாரணைகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவைதான். 'நிகழ்ந்தது' என்று வாக்கியத்தை முடித்தால், இந்தக் கேள்விகளுக்கு அங்கே இடமே இருக்காது.

அடுத்த வாக்கியம், 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.' யார் எடுப்பார்கள்? பெரிய ஆலைகளுக்கு உரிமம் கொடுப்பது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட, மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோ. சிறிய ஆலைகளுக்கு உரிமம் மாவட்ட நிர்வாகத்திடம். தொழிற்சாலைக்குள் பாதுகாப்பைப் பார்ப்பது மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். வழக்குப் பதிவது காவல்துறை. இத்தனை கதவுகள் இருக்கும் வீட்டில் 'கதவு திறக்கப்படும்' என்று பொதுவாகச் சொன்னால், நாம் எந்தக் கதவின் முன்னால் நிற்பது? மாநிலத்தில் ஆள்பவர் மத்திய அமைப்பைக் கைகாட்டலாம். மத்தியில் ஆள்பவர் மாவட்ட நிர்வாகத்தைக் கைகாட்டலாம். எழுவாய் இல்லாத வாக்கியம் இருவருக்குமே வசதி.

பெயர் வைப்பதும் ஒரு வாதம்தான்

வாதம் செய்யாமலேயே நம்பவைக்கும் வழி, பெயர் வைப்பது. 'பசுமைப் பட்டாசு' என்ற பெயரைப் பாருங்கள். கேட்டதும் மரம், செடி, சுத்தமான காற்று எல்லாம் மனதில் வரும். மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான நீரி உருவாக்கிய இந்த வகைப் பட்டாசு, வழக்கமானதைவிட நுண்துகள் மாசை ஏறக்குறைய 30 சதவிகிதம் குறைப்பதாகச் சொல்லப்படுகிறது. குறைப்பது நல்ல விஷயம்தான். ஆனால், மீதி 70 சதவிகிதம் புகை 'பசுமை' என்ற சொல்லுக்குள் மறைந்துவிடுகிறது. 'மாசு குறைந்த பட்டாசு' என்றால் அது தகவல். 'பசுமை' என்றால் அது விளம்பரம். இன்னொரு வேடிக்கை, பட்டாசுக்குப் பச்சை நிற ஒளியைக் கொடுப்பதே தடை செய்யப்பட்ட அந்தப் பேரியம்தான்!

இது ஒரு தரப்புக்கு மட்டுமான உத்தி அல்ல. தடை கேட்பவர்கள் 'விஷப் புகை' என்பார்கள். எதிர்ப்பவர்கள் 'லட்சக்கணக்கானோரின் வாழ்வாதாரம்' என்பார்கள். ஒன்று நம் நுரையீரலைத் தொடுகிறது; மற்றது வயிற்றைத் தொடுகிறது. இரண்டுமே உண்மையின் ஒரு துண்டு. 'லட்சக்கணக்கானோர்' என்ற கணக்கில் நேரடித் தொழிலாளர் எத்தனை, மறைமுகமாகச் சார்ந்திருப்பவர் எத்தனை என்று பிரித்துக் கேட்டால், வாதம் இன்னும் நேர்மையாகும்.

மேடைப் பேச்சுக்கு ஐந்து கேள்விகள்

அடுத்த முறை ஒரு பேச்சைக் கேட்கும்போதோ, ரீல்ஸில் பார்க்கும்போதோ, ஃபார்வேர்டு செய்வதற்கு முன்னால் இந்த ஐந்தையும் கேட்டுப் பாருங்கள்.

1. எழுவாய் எங்கே? 'செய்யப்படும்' என்றால், 'யார் செய்வார்?' என்று கேளுங்கள். துறையின் பெயரோ பதவியின் பெயரோ வர வேண்டும்.

2. எண்ணும் தேதியும் எங்கே? 'மூன்று படி'யில் இருந்ததுபோல அளக்கக்கூடிய ஒன்று இருக்கிறதா? எந்த மாதத்துக்குள், எத்தனை பேருக்கு?

3. 'நாம்' என்பதில் நான் இருக்கிறேனா? பெருமையில் சேர்த்துக்கொள்கிறார்களா, பாரத்தில் மட்டும் சேர்த்துக்கொள்கிறார்களா?

4. ஓசையை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது? எதுகை, மோனை, அடுக்குமொழி எல்லாவற்றையும் நீக்கி, டீக்கடையில் பேசும் தமிழில் அதையே சொல்லிப் பாருங்கள். விஷயம் இருந்தால் அப்போதும் நிற்கும்.

5. பணம் எங்கிருந்து வரும்? இதைக் கேட்க நமக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. இலவச கலர் டிவி வாக்குறுதியில் தொடங்கி, தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில், 2013 ஜூலை 5-ல் தீர்ப்பு வந்தது. தேர்தல் அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறிகளை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்திடம் நீதிமன்றம் சொன்னது. அதன்படி 2014-ல் மாதிரி நடத்தை விதிகளில் ஒரு பகுதியே சேர்க்கப்பட்டது. வாக்குறுதிக்கான காரணத்தையும், அதற்கான நிதி எப்படித் திரட்டப்படும் என்பதையும் தேர்தல் அறிக்கை சொல்ல வேண்டும் என்கிறது அது. மேடையில் கேட்டதை அறிக்கையில் தேடிப்பாருங்கள். அங்கே இல்லையென்றால், அது மைக்குக்காக மட்டும் சொல்லப்பட்டது.

ஒரு உதாரணத்துக்கு, 'பட்டாசுத் தொழிலாளர்களின் பாதுகாப்பு உறுதி செய்யப்படும்' என்ற வாக்கியத்தை இந்தக் கேள்விகளில் போட்டு எடுத்தால் எப்படி மாறும்? 'நாங்கள் ஆட்சிக்கு வந்த ஆறு மாதத்துக்குள், மாவட்டத்தில் உரிமம் உள்ள ஒவ்வொரு ஆலையையும் தொழிலகப் பாதுகாப்புத் துறை சோதிக்கும். எந்த ஆலையில் என்ன குறை என்று எல்லோரும் பார்க்கும்படி கலெக்டர் அலுவலகம் வெளியிடும். உள்குத்தகைக்கு விட்டால் உரிமத்தை நாங்கள் ரத்து செய்வோம். இதற்கான ஆள்பலத்துக்கு முதல் பட்ஜெட்டிலேயே பணம் ஒதுக்குவோம்.'

இதில் எதுகை இல்லை. கைதட்டல் கொஞ்சம் குறைவாகத்தான் விழும். ஆனால், ஆறாவது மாதம் முடிந்ததும் ஒரு தொழிலாளியின் மகள் தன் போனில் அந்த வீடியோவை எடுத்துவைத்துக்கொண்டு, 'சொன்னீங்களே, செஞ்சீங்களா?' என்று கேட்கலாம். அப்படிக் கேட்கக்கூடிய வாக்கியமாக அதைச் சொல்லவைப்பது பேசுபவரின் வேலை இல்லை. எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நம் வேலை.